நம்ம ஆளுங்கதான் போடறதில்ல

ஐப்பசி மழை ஓய்ந்து நான்கு நாளாகியும் வடகவுஞ்சியில் வெயில் விழவில்லை. பள்ளத்திலிருந்து ஏறிவந்த மேகம் சௌசௌ பந்தல்களுக்கு அடியிலேயே தங்கிக் கிடந்தது. பெரியண்ணன் வாசல் கல்லில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியிருந்தார். எதிரே மகள் மகாராணி செல்போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எடுத்த படங்கள் எல்லாம் கலங்கலாகவே வந்தன. போன் நடுங்கவில்லை, அவர் கைதான் நடுங்கியது.

"தொடை மேல அமுக்கி வைங்கப்பா."

வைத்தார். அப்போதும் விரல்கள் தனியே துள்ளிக்கொண்டிருந்தன. கடைசியில் பெருமாயி அடுப்படியிலிருந்து வந்து, புருஷனின் மணிக்கட்டு இரண்டையும் கல்லோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். தன் கை படத்தில் விழாதபடி பிடித்துக்கொள்ள அவளுக்குத் தெரிந்திருந்தது. உரிந்து உரிந்து மெழுகு மாதிரி ஆகிப்போன தோல், நகம் இல்லாத நடுவிரல், கருத்த ரேகை எல்லாம் தெளிவாக விழுந்தன.

"எதுக்குத் தாயி இது?" என்றார் பெரியண்ணன்.

"காலேஜ்ல குரூப் பிரசன்டேஷன்ப்பா. நாங்க மூணு பேரு சேந்து மேடையில பேசணும். மருந்தடிக்கிற ஆளுங்களப் பத்தி."

"என்னயப் பத்தியா?"

"எல்லாரப் பத்தியுந்தான்."

பெரியண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப ஒழுங்காச் சொல்லு. டேங்கு முதுகுல ஒழுகும்னு சொல்லு. டிரம்முல கலக்குற குச்சி ஒடைஞ்சு போச்சுன்னா முழங்கை வரைக்கும் விட்டுத்தான் கலக்குவோம். காத்து எதுத்து அடிச்சாலும் நிறுத்த விட மாட்டாங்க. மூஞ்சிக்கு ஈரத்துண்டு கட்டிக்கிருவோம். அந்தத் துண்டுலயும் மருந்து ஏறிப்போகும். அதோடதான் கஞ்சி குடிக்கிறது. கையொறைன்னு ஒண்ண நான் கண்ணால பாத்ததில்லன்னு சொல்லு."

"எல்லாம் எழுதி வெச்சிருக்கேன்ப்பா."

எழுதித்தான் வைத்திருந்தாள். இரண்டு மாதத்துக்கு முன்பே அதே வார்த்தைகளை வேறொரு தாளிலும் எழுதியிருந்தாள். ஜெயச்சந்திரன் தோட்டத்தில் பதினேழு வருஷம் மருந்தடித்த பெரியண்ணன் ஒரு நாள் பீன்ஸ் பாத்தியில் நுரை தள்ளி விழுந்தார். பிழைத்து வந்தவருக்குக் கை நடுக்கம் நின்றபாடில்லை, பார்வையும் பாதியாகிவிட்டது. வைத்தியம் பார்க்க வேண்டும் என்று கேட்கப் போனபோது, "பாதுகாப்புச் சாமான் எல்லாம் கொடுத்தோம், அவர் போடவில்லை" என்று தோட்டத்தில் சொல்லிவிட்டார்கள். அதற்குத்தான் திண்டுக்கல்லில் தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்திருந்தார்கள். மனு மகாராணியின் குண்டு குண்டான கையெழுத்தில் இருந்தது. அடியில் பெரியண்ணனின் கைரேகை.

கல்லூரியில் இது யாருக்கும் தெரியாது. கொடைக்கானலில் பெண்கள் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம், பக்கத்து பெஞ்சு சௌம்யா "உங்கப்பா என்ன பண்றாரு?" என்று கேட்டாள். ஏரிக்குப் பக்கத்தில் லாட்ஜ் நடத்துகிறவரின் மகள் அவள். "தோட்டம்" என்று மட்டும் சொன்னாள் மகாராணி. "ஓ, எஸ்டேட்டா? எத்தனை ஏக்கர்?" என்று சௌம்யா கண்ணை விரித்தாள். மகாராணி சிரித்துவைத்தாள். அன்றைக்குச் சொன்ன ஒரு சொல்லை மூன்று வருஷமாகத் திருத்தவில்லை. பிறகு திருத்த நினைத்தபோது, அது ஒரு சொல்லாக இல்லை. பிளம்ஸ் பருவத்தில் "உங்க தோட்டத்துப் பழம் கொண்டு வாடி" என்று கேட்கிற அளவுக்கு மரமும் வேலியுமாக வளர்ந்திருந்தது. ஒருமுறை பெருமாள்மலையில் விலைக்கு வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தாள்.

குழுவில் மகாராணியோடு சௌம்யாவும் தேவசேனாவும் இருந்தார்கள். தேவசேனா பழனியில் பஞ்சாமிர்தக் கடைக்காரர் வீட்டுப் பெண், விடுதியில் தங்கிப் படிக்கிறாள். சௌம்யா லேப்டாப்பில் ஸ்லைடு போட்டாள். தேவசேனா ஆங்கிலத்தைச் சரிபார்த்தாள். ஊரில் போய் ஆட்களிடம் பேசி விவரம் வாங்கிவருவது மகாராணியின் சோலி. முப்பத்தெட்டுப் பேரிடம் கேட்டுவந்தாள்.

பிரசன்டேஷனுக்கு முந்தின நாள் பாடம் எடுக்கிற லீலா மேடம் மூவரையும் கூப்பிட்டுச் சொன்னார்: "எந்தத் தோட்டத்துப் பேரும் வரக் கூடாது. யாரையும் குத்தம் சொல்ற மாதிரி இருக்கக் கூடாது. நாளைக்கு வெளியில இருந்து கெஸ்ட் வர்றாங்க. டோன் பாசிட்டிவா இருக்கணும், புரியுதா?"

மறுநாள் காலை மகாராணி மேடையேறி முதல் வரிசையைப் பார்த்தபோது, நடுநாற்காலியில் சால்வையோடு ஜெயச்சந்திரன் உட்கார்ந்திருந்தார். கல்லூரியின் புதிய கணினி அறைக்கு அவர்தான் உதவி செய்திருந்தார் என்று அறிமுகத்தில் சொன்னார்கள்.

சௌம்யா முன்னுரை பேசினாள். தேவசேனா புள்ளிவிவரம் சொன்னாள். மூன்றாவதாக மகாராணி வந்தாள். திரையில் அப்பாவின் கைகள் வந்தன, சுவர் அகலத்துக்கு. முன்வரிசையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். "திஸ் இஸ் தி ஹேண்ட் ஆஃப் எ ஃபார்ம் வொர்க்கர்" என்று மகாராணி மனப்பாடம் செய்ததைச் சொன்னாள். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. நேரத்துக்குள் முடித்தாள்.

கேள்வி நேரத்தில் ஜெயச்சந்திரன் மைக்கை வாங்கினார். குரலில் ஒரு கோபமும் இல்லை.

"நல்லாப் பேசுனீங்கம்மா. கடைசியாப் பேசுன பொண்ணு, நீ நம்ம பக்கந்தானே? வடகவுஞ்சியா?"

"ஆமாங்க சார்."

"அப்ப உனக்கே தெரிஞ்சிருக்கும். நீயே சொல்லும்மா. கையுறை, மாஸ்க் எல்லாம் தோட்டத்துல குடுக்கத்தான செய்றாங்க? போடாதது யாரு குத்தம்?"

தன்னை அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டதா, திரையில் இருக்கிற கை யாருடையது என்று தெரிந்துவிட்டதா, மகாராணிக்குப் புரியவில்லை. இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று மட்டும் புரிந்தது. உனக்கு எப்படித் தெரியும்? உங்கப்பா யாரு? பக்கத்தில் சௌம்யா நின்றிருந்தாள். கீழே நூற்றைம்பது பேர் இருந்தார்கள்.

"ஆமாங்க சார்" என்றாள் மகாராணி. "எல்லாம் குடுப்பாங்க. நம்ம ஆளுங்கதான் போடறதில்ல. விழிப்புணர்வு இல்ல."

கை தட்டினார்கள். லீலா மேடம் பெருவிரலை உயர்த்திக் காட்டினார். இறங்கும்போது சௌம்யா காதோரம், "செம்ம ஆன்சர்டி. நானா இருந்தா ஒளறியிருப்பேன்" என்றாள்.

அந்த வாரக் கடைசியில் ஒரு தாள் நிரப்ப வேண்டியிருந்தது. குழுவில் ஒவ்வொருவரும் தாங்கள் எப்படிச் செய்தோம் என்று தனித்தனியே எழுதித் தர வேண்டும். மூன்று கேள்விகள். நீ நன்றாகச் செய்தது எது? எதை மேம்படுத்தலாம்? இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?

சனிக்கிழமை சாயங்காலம் மகாராணி அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தகரக்கூரையில் மழை விட்டு விட்டு விழுந்தது. உள்ளே மொச்சைக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மேடையில் நின்ற பத்து நிமிஷத்தை அவள் அங்குலம் அங்குலமாக நினைத்துப் பார்த்தாள். கை எங்கே இருந்தது, கண் யாரைப் பார்த்தது, எந்த வார்த்தையில் மூச்சு வாங்கினாள். பொய் சொல்லும்போது குரல் நடுங்கியிருந்தால், தொண்டை அடைத்திருந்தால், வேறு வழியில்லாமல் சொன்னேன் என்று தன்னிடமாவது சொல்லிக்கொண்டிருக்கலாம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. மற்ற எல்லா வரிகளையும்விட அந்த வரியைத்தான் அவள் தெளிவாகச் சொல்லியிருந்தாள். விழிப்புணர்வு என்கிற சொல் யாரும் சொல்லிக்கொடுக்காமலே வாயில் வந்திருந்தது.

"கை போட்டோவப் பாத்து என்ன சொன்னாங்க தாயி?" என்றார் பெரியண்ணன், சுவரில் சாய்ந்தபடி.

"எல்லாரும் உச்சுக்கொட்டுனாங்கப்பா."

"கையொற தரலன்னு சொன்னியா?"

மகாராணி தாளைப் பார்த்துக்கொண்டே, "ம்" என்றாள்.

"நல்லது. படிச்ச புள்ள சொன்னா நாலு பேரு காதுல ஏறும்."

பிறகு அவள் முதல் கேள்விக்குக் கீழே, விருந்தினரின் கேள்விக்குத் தன்னம்பிக்கையோடு பதில் சொன்னேன் என்று ஆங்கிலத்தில் எழுதினாள். இரண்டாவதற்கு, இன்னும் கொஞ்சம் நிதானமாகப் பேசியிருக்கலாம் என்று எழுதினாள். மூன்றாவதற்கு என்ன எழுதுவது என்று தெரியாமல், குழுவாக வேலை செய்வது எப்படி என்று கற்றுக்கொண்டேன் என்று முடித்தாள்.

இருபத்தைந்துக்கு இருபத்து மூன்று கிடைத்தது. வகுப்பில் அதுதான் அதிகம்.

அடுத்த வாரம் பெருமாயி மேட்டுக்காட்டில் சௌசௌ பறித்துக்கொண்டிருந்தாள். மனு போட்டதிலிருந்து ஜெயச்சந்திரன் தோட்டத்தில் அவளுக்கு வேலை இல்லை. வேறொருவர் பந்தலுக்குப் போய்க்கொண்டிருந்தாள். குனிந்தே நடந்து, தலைக்கு மேலே தொங்குகிற காயைத் திருகிக் கூடையில் போட வேண்டும். பந்தல் கம்பியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் கழுத்து வழியே இறங்கி முதுகெல்லாம் நனைத்திருந்தது. மூட்டை ஏற்ற வந்த ஜீப்புகளோடு ஜெயச்சந்திரன் தோட்டத்து மேனேஜர் சண்முகராஜின் ஜீப்பும் வந்து நின்றது.

"என்ன பெருமாயி, உம் மக பெரிய பேச்சாளியாயிட்டா போலருக்கே" என்றார் சண்முகராஜ், இறங்காமலே.

"எந்தப் பேச்சுங்க?"

"உனக்குத் தெரியாதா? காலேஜுக்காரங்க வீடியோ போட்டிருக்காங்க. மொதலாளிக்கு ஒரே சந்தோசம். பெத்த தாய் தகப்பன் பொய் சொன்னாலும் புள்ள நெசத்தச் சொல்லிருச்சுன்னு." போனை நீட்டினார். "இந்தா, நீயே கேளு."

பெருமாயி பந்தலுக்கு அடியிலிருந்து வெளியே வந்து, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கேட்டாள். சின்னத் திரையில் மகள் நல்ல பாவாடை தாவணியில் நின்றாள். பெருமாயிதான் அதை இஸ்திரி போட ஆள் தேடி அலைந்தாள். ஒரு முறை கேட்டுவிட்டு, "இன்னொருக்காப் போடுங்க" என்றாள். இரண்டாவது முறையும் மகள் அதையேதான் சொன்னாள்.

அன்றைக்கு மகாராணி பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது பெருமாயி தண்ணீர்க் குழாயடியில் காத்திருந்தாள். வீட்டில் வைத்துப் பேச முடியாது. பெரியண்ணனுக்குக் கண்தான் மங்கல், காது கூர்மை.

"மேடையில என்னடி சொன்ன?"

மகாராணி பையைக் கீழே வைத்தாள்.

"நான் கேட்டுட்டேன். ரெண்டு தடவ கேட்டேன். எடுத்துக் குடுத்த கையொற எங்கடி இருக்கு? காட்டு பாப்போம். உங்கப்பன் போடாம எறிஞ்சானா? பதினேழு வருசம் அந்தாளு சட்டைய நான் தொவைச்சிருக்கேன். தொவைக்கிற தண்ணி பட்டு என் கையும் பொத்துப்போச்சு. எனக்குத் தெரியாத கையொற உனக்கு எங்கடி தெரிஞ்சுச்சு?"

"அவரு முன்னாடி ஒக்காந்திருந்தாரும்மா."

"ஒக்காந்திருந்தா? கழுத்தப் புடிச்சாரா?"

"எல்லாரும் பாத்தாங்க."

"பாத்தா என்னங்கிறேன்?"

பெருமாயி குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "வர்ற செவ்வாக்கெழம திண்டுக்கல்லுல விசாரண. உங்கப்பனுக்கு இது தெரியக் கூடாது. அதுக்குள்ள அந்தப் படத்த எடுக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

மறுநாள் மகாராணி வெள்ளனே முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய்த் துறை அறையில் லீலா மேடத்தைப் பார்த்தாள். கையில் புதிதாக எழுதிய தாள் இருந்தது. அதில் முதல் கேள்விக்குக் கீழே இரண்டே வரி, தமிழில்: நான் நன்றாகச் செய்தது ஒன்றுமில்லை. கேட்ட கேள்விக்குப் பொய் சொன்னேன்.

லீலா மேடம் இரண்டு முறை படித்தார். "என்ன மகாராணி இது?"

"அந்தக் கை எங்கப்பாவோடதுங்க மேடம். அவருக்குக் கையுறை குடுக்கவே இல்ல. கேஸ் நடக்குது. அந்த வீடியோவ மட்டும் எடுத்துருங்க மேடம்."

மோசமான மனுஷி இல்லை லீலா மேடம். முகம் வாடித்தான் போனது. எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"முன்னாடியே ஏம்மா சொல்லல? வீடியோ காலேஜ் பேஜ்ல இருக்கு. அது என் கையில இல்ல. கெஸ்ட்டே ஷேர் பண்ணியிருக்காரு. இப்ப எடுத்தா ஏன்னு கேப்பாங்க." தாளைத் திருப்பிக் கொடுத்தார். "இந்த ரிஃப்ளக்‌ஷன் ஷீட்டு உன்னோட பேச்சுத் திறமையப் பத்தி மட்டுந்தான். ஐ கான்டாக்ட், டைம், டீம் வொர்க். பர்சனல் விஷயமெல்லாம் இதுல வேண்டாம். மார்க் ஏத்தியாச்சு. நீதான் ஃபர்ஸ்ட். அத ஏன் கெடுத்துக்கிற?"

மகாராணி தாளை வாங்கி நாலாக மடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

செவ்வாய்க்கிழமை தாய், தகப்பன், மகள் மூவரும் திண்டுக்கல் போனார்கள். அடிவாரம் இறங்கியதும் வெக்கை முகத்தில் அடித்தது. பெரியண்ணன் மலையில் போட்ட ஸ்வெட்டரைக் கழற்ற மறந்து வேர்த்துக்கொண்டிருந்தார். விசாரணை அறையில் அதிகாரிக்கு எதிரே ஒரு பக்கம் இவர்கள். மறுபக்கம் சண்முகராஜும் ஒரு வக்கீலும். வக்கீல் நீட்டிப் பேசவில்லை. லேப்டாப்பைத் திறந்து வைத்து அந்த வீடியோவை ஓடவிட்டார்.

மகளின் குரல் கேட்டதும் பெரியண்ணன் முகம் மலர்ந்தது. படம் தெரியாததால் ஒலி வந்த பக்கம் காதைத் திருப்பினார். "நம்ம ஆளுங்கதான் போடறதில்ல" என்ற வரியைத் தாண்டிக் கைதட்டல் முடிகிற வரைக்கும் அந்தச் சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. பிறகு மெல்ல அடங்கியது.

அதிகாரி மனுவை எடுத்தார். "இத எழுதுனது யாரு?"

"நான்தாங்க சார்" என்றாள் மகாராணி.

"வீடியோல பேசுறதும் நீதான். ரெண்டுல எதும்மா உண்மை?"

"மனுவுல இருக்கறதுதாங்க சார்."

"அப்ப அங்க ஏன் அப்படிச் சொன்ன? யாராவது மிரட்டுனாங்களா?"

பெருமாயி மகளின் காலைத் தன் காலால் அழுத்தினாள். மகாராணிக்கு அது புரிந்தது. ஆமாங்க என்று ஒரு சொல் போதும். அன்றைக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர் மேல் அந்தச் சொல் போய் விழும். வழக்கும் ஒருவேளை நிமிரும். ஆனால் மேடையில் வழவழவென்று வந்த பொய்யும் அதே சொல்லில்தான் தொடங்கியிருந்தது.

"இல்லைங்க. யாரும் மிரட்டல."

"பின்ன?"

"எங்கப்பா கூலிக்கு மருந்தடிக்கிறவருன்னு காலேஜ்ல யாருக்கும் தெரியாதுங்க சார். சொந்தமாத் தோட்டம் இருக்குன்னு சொல்லி வெச்சிருந்தேன். தெரிஞ்சிரும்னு…" குரல் இப்போதுதான் உடைந்தது. "வெக்கமா இருந்துச்சுங்க."

அதிகாரி எழுதிக்கொண்டார். வக்கீல் எட்டிப் பார்த்து, "யாரும் மிரட்டவில்லை, தானாகச் சொன்னதுங்கிறத அப்படியே பதிஞ்சுக்குங்க சார்" என்றார். அவரும் தலையசைத்து எழுதினார். அடுத்த தேதி பிறகு சொல்வதாகச் சொன்னார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் வந்து நின்றதும் பெருமாயி வெடித்தாள்.

"மிரட்டுனாங்கன்னு ஒரு வார்த்த சொன்னா நாக்கா அழுகிரும்? பொய் சொல்லக் கூடாத எடத்துல சொன்ன. சொல்ல வேண்டிய எடத்துல வந்து நெசத்தப் பேசுற. ரெண்டு பக்கமும் வெட்டிப் போட்டுட்டியேடி."

"விடு" என்றார் பெரியண்ணன். "வெரசா நட. பஸ்ஸு போயிரும்."

வத்தலக்குண்டில் மாறி ஏறும்போதும், தயிர்ச்சோற்றுப் பொட்டலத்தைப் பெருமாயி பிரித்து ஊட்டும்போதும் அவர் பேசவில்லை. மலைக்குப் போகிற பஸ்ஸில் முன்பக்கம் இடம் கிடைத்தது. வடகவுஞ்சிக்குப் பெருமாள்மலையில் இறங்கி இன்னொரு பஸ் மாற வேண்டும். பெருமாயி தனியே ஒரு சீட்டில் மூட்டையோடு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பெரியண்ணனும் மகாராணியும் அடுத்த சீட்டில் உட்கார்ந்தார்கள். அவரது கை இருவருக்கும் நடுவே துள்ளிக்கொண்டிருந்தது. மகாராணி அதைப் பிடித்துக்கொள்ள நினைத்தாள். மூன்று முறை நினைத்தாள்.

பஸ் கிளம்புகிற நேரத்தில் முன்படியில் பேச்சும் சிரிப்புமாக இரண்டு பெண்கள் ஏறினார்கள். ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டு வருகிறார்கள் போல. தலையில் பூ, கையில் தாம்பூலப் பை. "ஏய், மகாராணி!" என்றாள் சௌம்யா. "நீயும் காலேஜுக்கு மட்டம் போட்டுட்டு எங்கடி போன?" பின்னால் தேவசேனாவும் கையசைத்தாள்.

பெரியண்ணன் குரல் வந்த பக்கம் திரும்பினார். காலேஜ் என்ற சொல் போதுமாக இருந்தது. சட்டென்று எழுந்தார்.

"அப்பா, உக்காருங்க."

"காத்து வரல" என்றார் மெதுவாக. அவள் பிடிக்குமுன் சீட்டைத் தாண்டிவிட்டார். விரல் கம்பியைப் பிடிக்காது என்பதால் முழங்கையை மடக்கிக் கம்பியில் மாட்டி மாட்டி, ஆட்களை இடித்துக்கொண்டு, கடைசிச் சீட்டு வரைக்கும் போனார். காலியான இடத்தில் சௌம்யா உட்கார்ந்தாள்.

"யாருடி அந்தப் பெரியவரு? கையி எப்புடி ஆடுது பாரு."

"எங்கப்பா" என்றாள் மகாராணி.

சௌம்யா சிரித்தாள். பிறகு மகாராணியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள்.

மகாராணி எழுந்து பின்னால் போனாள். பஸ் நிலையத்தை விட்டு வளைந்து திரும்பிக்கொண்டிருந்தது. பெரியண்ணன் ஜன்னலோரம் முகத்தை வெளியே வைத்திருந்தார்.

"முன்னாடி வாங்கப்பா. நான் சொல்லிட்டேன். அவளுக்குச் சொல்லிட்டேன்ப்பா."

அவர் திரும்பவில்லை. கண்டக்டர் டிக்கெட் புத்தகத்தோடு வந்து, "வளைவுல நிக்காதம்மா" என்றார். "எத்தன டிக்கெட்டு?"

"பெருமாள்மலை மூணுங்க. எங்கம்மா முன்னாடி இருக்காங்க, நான், இவரு."

"மூணு பேரும் ஒண்ணாப் பெரியவரே?"

"இல்லைங்க" என்றார் பெரியண்ணன். "நான் தனி."

சட்டைப்பையை நோக்கிக் கையைக் கொண்டுபோனார். கை பையைத் தாண்டித் தோளில் இடித்தது. மறுபடி கொண்டுபோனபோது வயிற்றில் இடித்தது. மூன்றாம் தடவை கையைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு, நெஞ்சைக் கண்டக்டர் பக்கமாக நிமிர்த்திக் காட்டினார்.

"பையில இருக்கு. நீங்களே எடுத்துக்கங்க."